ஆசிரியருக்குக் கடிதம்: அரபு இறந்தகால வினையும் அதன் எழுவாயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மொழிப் பகுதியில் அரபு இலக்கணப் பாடங்கள் வெளிவருவது மிகுந்த மகிழ்ச்சியளிக்கிறது. இறந்தகால வினையைப் பற்றிய அண்மைப் பாடத்தில், ‘உதவினான்’ எனப் பொருள்படும் ‘நஸர’ என்னும் வினையின் 14 வடிவங்களும் அட்டவணையாகத் தரப்பட்டிருந்தன. தமிழைப் போலவே அரபியிலும் வினை இடம், பால், எண் ஆகியவற்றுக்கேற்ப மாறும் என்று கூறி, அவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பாடம் நிறைவுபெற்றிருந்தது. தமிழ் வழியே அரபு கற்பித்துவருபவன் என்ற முறையில், அந்த அட்டவணையில் விடுபட்ட ஒன்றைப் பற்றி விரிவாக எழுத விரும்புகிறேன். அது அந்த வினைகளின் எழுவாய். அரபு இலக்கணத்தார் ‘ஃபாஇல்’ என்று அழைப்பது. ‘தமிழைப் போலவே’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் கற்பவர்கள் பின்னாளில் வழுக்கி விழுகிறார்கள் என்பதால், இதைச் சிறிய குறையாக எண்ணி விட்டுவிட மனம் வரவில்லை.

அட்டவணையையே முதலில் எடுத்துக்கொள்வோம். நஸர, நஸரா, நஸரூ என்று ஆண்பாற் படர்க்கையில் ஒருமை, இருமை, பன்மை. நஸரத், நஸரதா, நஸர்ன என்று பெண்பாற் படர்க்கை. பிறகு இரு பாலுக்கும் தனித்தனியே முன்னிலை வடிவங்கள். கடைசியில் ‘நஸர்து’ (நான் உதவினேன்), ‘நஸர்னா’ (நாங்கள் உதவினோம்) என்னும் தன்மை வடிவங்கள். முன்னிலை இருமை வடிவமான ‘நஸர்துமா’ ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் பொதுவாக இருப்பதால், ஒலிப்பில் வேறுபடுபவை 13தான். இவ்வளவையும் ஒரு வாரத்தில் ஒப்பித்துவிடலாம். ஆனால், இந்த 14 வடிவங்களுள் 12 வடிவங்கள் தம் எழுவாயைத் தமக்குள்ளேயே முழுமையாகக் கொண்டிருக்கின்றன என்பதையும், எஞ்சிய இரண்டு மட்டுமே வெளியிலிருந்து ஒரு பெயர்ச்சொல்லை எழுவாயாக ஏற்கும் என்பதையும் அட்டவணை தானாகச் சொல்லாது. அந்த இரண்டு, ‘நஸர’, ‘நஸரத்’ ஆகிய படர்க்கை ஒருமை வடிவங்கள்.

‘நஸர்து’ என்பதில் வரும் ‘து’, ‘நான்’ என்னும் எழுவாயேதான் என்பது அரபு இலக்கணத்தாரின் முடிவு. அவ்வாறே ‘நஸரூ’ என்பதிலுள்ள நெடில் ‘ஊ’, அதாவது வாவ் என்னும் எழுத்து, ‘அவர்கள்’ என்னும் எழுவாய். ‘நஸரா’ என்பதன் ஈற்று நெடில் ‘ஆ’, அதாவது அலிஃப் என்னும் எழுத்து, ‘அவ்விருவர்’ என்னும் எழுவாய். ‘நஸர்ன’ என்பதன் ‘ன’, அதாவது நூன் என்னும் எழுத்து, ‘அப்பெண்கள்’ என்னும் எழுவாய். இவை எழுவாயைச் சுட்டிக்காட்டும் அடையாளங்கள் என்று மட்டும் சொன்னால் போதாது; வாக்கியத்தில் எழுவாய்க்குரிய இடத்தையே இவை பெற்றிருக்கின்றன. மாறாக, ‘நஸரத்’ என்பதன் ஈற்றில் உயிரில்லாமல் நிற்கும் ‘த்’, எழுவாய் பெண்பால் என்பதை முன்கூட்டி அறிவிக்கும் அடையாளம் மட்டுமே. இவ்வேறுபாட்டைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. ‘நஸரத் ஃபாதிமது’ (ஃபாத்திமா உதவினாள்) என்று பெயர்ச்சொல்லைச் சேர்த்துச் சொல்லலாம். ஸைத் என்னும் ஆணின் பெயரைச் சேர்த்து ‘நஸர்து ஸைதுன்’ என்று ஒருபோதும் சொல்ல இயலாது. ‘நஸர்து’ என்பதில் எழுவாயின் இருக்கை ஏற்கெனவே நிரம்பிவிட்டது.

தமிழ் விகுதிகளின் இயல்பு இங்கேதான் வேறுபடுகிறது. உதவினான், உதவினாள், உதவினார்கள் என்பவற்றின் விகுதிகள் திணை, பால், எண், இடம் ஆகியவற்றைக் காட்டுகின்றன; எழுவாயின் இடத்தை அவை எடுத்துக்கொள்வதில்லை. அதனால்தான் ‘ஆசிரியர்கள் உதவினார்கள்’ என்றும், எழுவாயே இல்லாமல் ‘உதவினார்கள்’ என்றும் நாம் சொல்லிவிடுகிறோம். பின்னதைத் தோன்றா எழுவாய் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆக, தமிழின் எல்லா விகுதிகளும் அரபியின் அந்த ஒற்றைத் ‘த்’தைப் போன்றவை, அரபியின் மற்ற விகுதிகளைப் போன்றவை அல்ல. இந்த ஓர் உண்மை மனத்தில் பதிந்துவிட்டால், அரபு கற்கும் தமிழர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கிவிடும்.

‘ஆசிரியர்கள் உதவினார்கள்’ என்பதை வினையை முன்னால் வைத்து அரபியில் எழுதச் சொன்னால், ‘நஸரூ அல்முஅல்லிமூன’ என்றே மாணவர்கள் எழுதுகிறார்கள். எழுவாய் பன்மை, எனவே வினையும் பன்மை என்பது தமிழ்க் காதுக்கு இயல்பாகவே தோன்றும் முடிவு. ஆனால், ‘நஸரூ’ என்பதிலுள்ள வாவ் எழுவாயாக அமர்ந்திருக்கும்போது, ‘அல்முஅல்லிமூன’ என்னும் இரண்டாவது எழுவாய்க்கு அங்கே இடமில்லை; ஒரு வினைக்கு ஓர் எழுவாய்தான். ஆகவே ‘நஸர அல்முஅல்லிமூன’ என்று வினை ஒருமையிலேயே நிற்க வேண்டும். இரண்டு ஆசிரியர்கள் என்றால் ‘நஸர அல்முஅல்லிமானி’. ஆசிரியைகள் என்றால் பெண்பாலை மட்டும் காட்டி ‘நஸரதில் முஅல்லிமாது’. ‘நம்பிக்கையாளர்கள் வெற்றி பெற்றனர்’ என்னும் பொருளில் வரும் ‘கத் அஃப்லஹல் முஃமினூன்’ என்னும் குர்ஆன் வசனம் (23:1) பலருக்கும் மனப்பாடம். அங்கே பன்மை எழுவாய்க்கு முன்னால் ‘அஃப்லஹ’ என்னும் ஒருமை வினை நிற்பதை அதை ஓதுபவர்களுள் எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? வினை முன்னே வந்தால் ஒருமை என்று விதியாக மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது மறந்துபோகும். வெளியிலிருந்து எழுவாயை ஏற்கும் வடிவங்கள் இரண்டே, அவ்விரண்டும் ஒருமை என்று காரணத்தோடு சொன்னால் அது நிலைத்துவிடும்.

பெயர்ச்சொல் முன்னே வந்தால் நிலைமை மாறுகிறது. ‘அல்முஅல்லிமூன நஸரூ’ என்பது முற்றிலும் சரியான வாக்கியம். பஸ்ரா நகரத்து இலக்கணத்தார் இதற்குத் தந்த விளக்கம் நுட்பமானது. ஃபாஇல் என்பது வினைக்குப் பின்னரே வரும். முன்னே வரும் பெயர் ‘முப்ததா’, அதாவது வாக்கியத்தின் தொடக்கப் பெயர். தன் எழுவாயான வாவோடு சேர்ந்த ‘நஸரூ’ என்பது உள்ளே பொதிந்த ஒரு தனி வாக்கியம். எனவே முதல் வகை வினை வாக்கியம், இரண்டாம் வகை பெயர் வாக்கியம்; அரபியில் இவற்றை ஜும்லா ஃபிஃலிய்யா, ஜும்லா இஸ்மிய்யா என்பார்கள். செய்தவர் யார் என்ற அளவில் இரண்டும் ஒன்றுதானே, பெயரை ஏன் மாற்ற வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு; கேட்க வேண்டிய கேள்விதான் அது. வாக்கியத்தின் முன்னால் ‘இன்ன’ என்னும் உறுதிச் சொல்லை வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ‘ஸைதுன் நஸர’ என்பது ‘இன்ன ஸைதன் நஸர’ என்று ஆகிறது. உதவியவர் அதே ஸைத்தான். ஆனால் அவருடைய பெயரின் ஈற்று ‘உன்’ என்பதிலிருந்து ‘அன்’ என்று மாறிவிட்டது. ஃபாஇலின் ஈறோ ‘உ’ என்னும் ளம்மாவையோ அதற்கு ஈடான குறியையோ பெற்றிருக்க வேண்டும். எனவே இங்கே ஸைத் ஃபாஇல் இல்லை. ‘நஸர’ என்பதற்குள் ‘அவன்’ என மறைந்து நிற்கும் பெயரே ஃபாஇல். நம் தோன்றா எழுவாய்க்கு மிக அருகில் வருவது இந்த இடம்தான். ‘நஸர’, ‘நஸரத்’ இரண்டும் வெளியே பெயர் இல்லாதபோது எழுவாயை உள்ளே மறைத்துக்கொள்கின்றன.

கூஃபா நகரத்து இலக்கணத்தார் இதை ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஃபாஇல் வினைக்கு முன்னாலும் வரலாம் என்பது அவர்களுடைய கொள்கை; அதன்படி பார்த்தால் முன்னே இருமைப் பெயர் வந்தாலும் வினை ஒருமையிலேயே நிற்கலாம் என்றாகிறது. கற்பிக்கும் முறையாக நிலைபெற்றது பஸ்ராவின் விளக்கமே. தொடக்க நிலை மாணவர்களுக்கு இந்த விவாதம் தேவையில்லை என்று சிலர் கருதலாம். விதிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல, காரணம் காட்டி வாதிட்டு நிறுவப்பட்டவை என்று தெரியும்போதுதான் மாணவர்களுக்கு இலக்கணத்தில் ஆர்வமே பிறக்கிறது என்பது என் கருத்து.

இன்னொரு செய்தி தமிழ் வாசகர்களுக்குத் தனிச்சுவை தரக்கூடியது. எட்டாம் நூற்றாண்டில் பஸ்ராவில் கற்று, அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலை எழுதிய ஸீபவைஹி, அரபு மக்களுள் சிலர் ‘ளரபூனீ கவ்முக’ என்று சொல்வதாகக் குறிப்பிடுகிறார். ‘உன் கூட்டத்தார் என்னை அடித்தார்கள்’ என்பது பொருள். பன்மை எழுவாய்க்கு முன்னால் பன்மை வினை, நம் மாணவர்கள் எழுதுவது போலவே. பெண்பாலுக்கு ஒரு ‘த்’ இருப்பது போலப் பன்மைக்கும் ஓர் அடையாளம் இருக்கட்டும் என்று அவர்கள் கருதியதாகத் தோன்றுகிறது என்றும், இது அருகிய வழக்கு என்றும் அவர் விளக்குகிறார். அவர்களுடைய வழக்கில் வாவ் எழுவாயாக இல்லாமல், தமிழின் ‘ஆர்கள்’ போல வெறும் விகுதியாக நின்றிருக்கிறது. இன்றைய அரபு வட்டாரப் பேச்சு வழக்குகள் பலவற்றிலும் பன்மை எழுவாய்க்கு முன்னால் பன்மை வினை வருவது இயல்பு. ஆகவே மாணவர்களின் பிழையை அறியாமை என்று அதட்டி ஒதுக்குவதைவிட, எழுத்து மொழி ஏற்ற வழி இது, ஏற்காத வழி அது என்று எடுத்துக்காட்டுவதே முறை.

பெண்பால் அடையாளமான அந்தத் ‘த்’ எப்போது கட்டாயம், எப்போது விருப்பம் என்பதும் எழுவாயைப் பொறுத்ததே. உயிருள்ள பெண்ணைக் குறிக்கும் பெயர் வினையை அடுத்து உடனே வந்தால் ‘த்’ கட்டாயம். இடையில் வேறு சொல் நுழைந்தாலோ, எழுவாய் சொல்லளவில் மட்டும் பெண்பாலாக இருந்தாலோ விடவும் செய்யலாம். இதற்குக் குர்ஆனின் 11ஆம் அத்தியாயத்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ‘அநியாயம் செய்தவர்களைப் பேரொலி பிடித்துக்கொண்டது’ என்னும் ஒரே பொருளுடைய தொடர் அங்கே இரண்டு முறை வருகிறது. 67ஆம் வசனத்தில் ‘வ அகதல்லதீன ளலமுஸ் ஸைஹது’. 94ஆம் வசனத்தில் ‘வ அகததில்லதீன ளலமுஸ் ஸைஹது’. முதலில் ‘அகத’, அடுத்து ‘அகதத்’. ‘ஸைஹா’ என்பது பேரொலியைக் குறிக்கும், சொல்லளவில் பெண்பாலான பெயர். அதற்கும் வினைக்கும் இடையில் ‘அநியாயம் செய்தவர்களை’ என்னும் செயப்படுபொருள் வந்துவிட்டது. எனவே இரு வடிவமும் சரி. இந்தச் சிறு தொடருக்குள்ளேயே ‘ளலமூ’ என்னும் மற்றோர் இறந்தகால வினை, வாவைத் தன் எழுவாயாகக் கொண்டு நிற்பதையும் காணலாம். வெளியிலிருந்து எழுவாயை ஏற்ற வினையும், எழுவாயை உள்ளடக்கிய வினையும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும்போது, தனியாக ஓர் அட்டவணை எதற்கு?

ஈறு மட்டும் சேர்ந்து பன்மையாகும் பெயர்களை விட்டு, உருமாறிப் பன்மையாகும் பெயர்களுக்கு வந்தால் இந்த விருப்பம் இன்னும் விரிகிறது. ‘நகரத்துப் பெண்கள் சிலர் கூறினர்’ என்னும் இடத்தில் (12:30) ‘கால நிஸ்வதுன்’ என்று ஆண்பால் வடிவம். ‘நாட்டுப்புற அரபிகள் கூறினர்’ என்னும் இடத்தில் (49:14) ‘காலதில் அஃராபு’ என்று பெண்பால் வடிவம். மாணவர்கள் இதைக் கண்டு முதலில் திகைப்பார்கள். பிறகு மறக்கவே மாட்டார்கள்.

மனிதர் அல்லாதவற்றின் பன்மை பெரும்பாலும் பெண்பால் ஒருமையாகவே நடத்தப்படும். ‘கப்பல்கள் வந்து சேர்ந்தன’ என்பது ‘அஸ்ஸுஃபுனு வஸலத்’. உயர்திணை, அஃறிணை என்று பிரித்துப் பழகிய நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை.

வினைக்குள் எழுவாய் கலந்துவிடுகிறது என்பதற்கு ஒலியிலும் சான்று இருக்கிறது. ‘நஸர’ என்பதில் மூன்று மெய்களும் உயிர் பெற்றவை. அதனுடன் ‘து’ சேரும்போது ‘நஸரது’ என்று நான்கு உயிரெழுத்துகள் தொடர்ந்து வர வேண்டும். ஒரே சொல்லுக்குள் அப்படித் தொடர்வதை அரபு மொழி விரும்புவதில்லை என்பதால் ரகரம் உயிரை இழந்து ‘நஸர்து’ ஆகிறது என்று இலக்கணத்தார் விளக்குகிறார்கள். வினையும் எழுவாயும் ஒரே சொல்லாகக் கருதப்படுவதன் விளைவு அது. செயப்படுபொருளுக்கு இந்த உரிமை இல்லை. ‘எங்களுக்கு உதவினான்’ என்பது ‘நஸரனா’. நான்கு உயிர்களும் அப்படியே நிற்கின்றன, ஏனெனில் இங்கே ‘னா’ வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட செயப்படுபொருள். ‘நாங்கள் உதவினோம்’ என்பதோ ‘நஸர்னா’. உயிர்க்குறியில்லாத எழுத்தில் இரண்டும் ஒன்றே. உதவியவர் யார், உதவி பெற்றவர் யார் என்பது ரகரத்தின் மேலுள்ள ஒரு சிறு குறியைப் பொறுத்திருக்கிறது. அவ்வாறே ‘நஸரத்’, ‘நஸர்து’, ‘நஸர்த’, ‘நஸர்தி’ ஆகிய நான்கும், அதாவது உதவினாள், உதவினேன், ஆணைப் பார்த்து உதவினாய், பெண்ணைப் பார்த்து உதவினாய் என்பவை, குறியில்லாத அச்சில் ஒரே வடிவம்தான். அரபு நாளிதழ்களும் பெரும்பாலான நூல்களும் குறியில்லாமலே அச்சிடப்படுகின்றன. எழுவாயைத் தேடிப் பழகாதவர், அட்டவணை முழுவதையும் ஒப்பித்தாலும், அங்கே ஒரு வரியைக்கூட உறுதியாகப் படிக்க இயலாது.

எழுவாயைத் தேடும் பழக்கத்தை, கற்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தொடர்களிலிருந்தே தொடங்கலாம். ‘ஜஸாகல்லாஹு கைரன்’ என்று நன்றி கூறுபவர்கள் ஏராளம். அதில் ‘ஜஸா’ என்பது இறந்தகால வினை, ‘க’ என்பது ‘உனக்கு’ என்னும் செயப்படுபொருள், ளம்மா பெற்ற ‘அல்லாஹு’ என்பது எழுவாய். பெண்ணிடம் ‘ஜஸாகில்லாஹு’ என்றும், பலரிடம் ‘ஜஸாகுமுல்லாஹு’ என்றும் சொல்கிறோம். மாறுவது செயப்படுபொருள் மட்டுமே, எழுவாய் மாறாததால் வினையும் மாறவில்லை. இறந்தகால வடிவம் இங்கே ‘நற்கூலி வழங்குவானாக’ என்று வேண்டுதலாகப் பொருள்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். தொழுகை தொடங்குவதை அறிவிக்கும் இகாமத்தில் வரும் ‘கத் காமதிஸ் ஸலாஹ்’ (தொழுகை தொடங்கிவிட்டது) என்பதில், ‘ஸலாத்’ என்னும் பெண்பால் எழுவாய்க்காக ‘காமத்’ என்று தகரம் பெற்ற வினை வருகிறது. அடுத்த சொல்லும் மெய்யில் தொடங்குவதால் அந்தத் ‘த்’, ‘தி’ என்று ஒலிக்கிறது. இத்தனை காலமும் ஓதிவந்த சொற்களுக்குள்ளேயே இலக்கணம் இருந்திருக்கிறது என்று அறியும்போது கற்பவர் முகத்தில் தோன்றும் மலர்ச்சி, கற்பிப்பவர்கள் அனைவரும் கண்டதுதான்.

அதற்கு அடுத்த படியாக, செயப்படுபொருள் முன்னும் எழுவாய் பின்னும் வரும் வாக்கியங்களைத் தரலாம். ‘இப்ராஹீமை அவருடைய இறைவன் சோதித்தபோது’ என்னும் வசனத்தில் (2:124) ‘இப்தலா இப்ராஹீம ரப்புஹு’ என்று வருகிறது. வினையை அடுத்து நிற்பவர் இப்ராஹீம் என்பதால் சோதித்தவர் அவரே என்று அவசரப்படக் கூடாது. ‘இப்ராஹீம’ என்பதன் ஈற்று அகரம் செயப்படுபொருளுக்கு உரியது, ‘ரப்பு’ என்பதன் ஈற்று உகரமே எழுவாய்க்கு உரியது. ‘அவருடைய’ என்னும் ‘ஹு’ இப்ராஹீமைச் சுட்டுவதால், அவர் பெயர் முன்னே வர வேண்டியிருக்கிறது. நம் வேற்றுமை உருபுகளை அறிந்தவர்களுக்கு இது கடினமே இல்லை. ‘இப்ராஹீமை’ என்னும் ஐகாரம் எங்கே நின்றாலும் பொருளைக் காட்டிவிடுவது போல, அங்கே ஈற்று உயிர் காட்டிவிடுகிறது.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. இனி வரும் பாடங்களில் ஒவ்வொரு வினைவடிவத்தையும் வாக்கியத்தில் வைத்தே தர வேண்டும். எழுவாய் பின்னே வரும் வாக்கியத்தையும் பெயர் முன்னே வரும் வாக்கியத்தையும் அருகருகே அச்சிட வேண்டும். எல்லா எழுத்துகளுக்கும் உயிர்க்குறி இட முடியாவிட்டாலும், வினையின் கடைசி எழுத்துக்கும் பெயரின் கடைசி எழுத்துக்குமாவது தவறாமல் இட வேண்டும். எழுவாய், செயப்படுபொருள், தோன்றா எழுவாய், விகுதி, திணை என்று பள்ளியில் கற்ற சொற்களையே பயன்படுத்தி, அவை அரபியோடு பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் காட்ட வேண்டும். அடுத்த பாடம் செயப்பாட்டு வினை என்று அறிவித்திருக்கிறீர்கள். ‘ரோமர்கள் தோற்கடிக்கப்பட்டனர்’ என்னும் ‘குலிபதிர் ரூம்’ (30:2) என்பதில், தோற்கடித்தவர் பெயரே இல்லாமல், தோற்றவரின் பெயர் எழுவாய்க்குரிய ளம்மாவையும் பெற்றுக்கொண்டு வினையில் பெண்பால் அடையாளத்தையும் வரவழைக்கிறது. ‘நாஇபுல் ஃபாஇல்’ எனப்படும் இந்தப் பதிலி எழுவாயைப் புரிந்துகொள்ள ஃபாஇல் என்றால் என்னவென்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே அந்தப் பாடத்தை வெளியிடும் முன், எழுவாயைப் பற்றி ஒரு வாரம் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகரான ஓர் அரபு ஆசிரியர்